பிரிட்ஜுக்கு அடியில் தேங்கிய தண்ணீர்

கடந்த பங்குனி மாதத்தில் ஒரு நாள் பூவரசங்குளத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். படலையைத் திறக்கும்போதே, "பிள்ளை, செருப்போட வாங்கோ, உள்ளுக்கு முழுக்க ஈரம்" என்று குரல் கேட்டது. நான் அக்கா என்று அழைக்கின்ற அந்தத் தாய் குந்தியிருந்து பழைய சாரம் ஒன்றால் நிலத்தைத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். சமையலறை மூலையில் நின்ற பிரிட்ஜின் அடியில் இருந்து வடிந்த தண்ணீர் அரிசிச் சாக்கு வரைக்கும் போயிருந்தது. மேலே உள்ள ஐஸ் அறையில், முதல்நாள் பின்னேரம் கட்டிவைத்த ஐஸ்பக்கற்றுகள் தண்ணீர்ப் பைகளாகத் தொய்ந்து கிடந்தன.

அக்காவின் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமுக்கு வந்து, அந்த முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படுவதற்கு முன்னரே உறவினர் கொடுத்த காணித்துண்டில் பூவரசங்குளத்தில் இருந்துவிட்டார். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். தவணைக் காசுக்கு எடுத்த அந்த பிரிட்ஜில் ஐஸ்பக்கற்றும் யோகட்டும் செய்து விற்பதுதான் வருமானம். பக்கத்து வீட்டு ஐயா ஒருவரின் இன்சுலின் மருந்தும் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பெட்டி நின்றால் இரண்டு வீடுகள் தடுமாறும்.

முதல்நாள் ஒரு திருத்துபவர் வந்து பார்த்திருக்கிறார். கதவைத் திறந்து ஐஸ் அறைக்குள் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காஸ் முடிஞ்சுது அக்கா, அடிக்கவேணும்" என்று சொல்லி 28,000 ரூபா கேட்டிருக்கிறார். தவணையில் இன்னும் ஏழு மாதம் கட்டக் கிடக்கிறது. "தாலிக்கொடியை முந்தியே வித்திட்டன். இனி விக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சமூகவியல் படித்தவள். பிரிட்ஜ் திருத்தத் தெரியாது. ஆனால் வவுனியாவில் நெடுங்காலமாக இந்த வேலை செய்து, இப்போது வயது காரணமாக ஓய்ந்திருக்கும் ஒரு ஐயாவை எனக்குத் தெரியும். அங்கிருந்தே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சொன்ன முதல் வார்த்தையை இதை வாசிக்கும் சகோதரிகள் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டால் நல்லது என்று நினைக்கிறேன்: "தங்கச்சி, பிரிட்ஜ் காஸ் அடுப்புக் காஸ் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை."

அடுப்புக்கு வாங்குகின்ற சிலிண்டரில் உள்ள காஸ் எரிந்து தீர்கிறது. பிரிட்ஜில் உள்ள காஸ் அப்படியல்ல. அது ஒட்டி மூடப்பட்ட குழாய்களுக்குள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருகின்றது. பின்னால் கீழே உள்ள கொம்பிரசர் அதை அழுத்தி அனுப்புகின்றது. அழுத்தத்தால் சூடான காஸ், பின்புறத்தில் அல்லது பக்கச் சுவர்களில் ஓடும் குழாய்களில் அந்தச் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகின்றது. பின்னர் மயிர் போன்ற மெல்லிய குழாயால் ஐஸ் அறைக்குள் நுழைந்து மறுபடி காஸாக மாறும்போது, அங்குள்ள சூட்டை உறிஞ்சி எடுக்கின்றது. பத்து வருடம் ஓடினாலும் அந்தக் காஸ் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையைத் தேடி அடைக்காமல் காஸை மட்டும் அடித்துவிட்டுப் போனால், சில கிழமையில் அதுவும் போய்விடும். கொடுத்த காசும் போய்விடும். ஆகவே "காஸ் முடிஞ்சுது" என்று யாராவது சொன்னால், "எந்த இடத்தால போனது?" என்று நாம் கேட்கவேண்டும்.

ஐயா இன்னொன்றும் சொன்னார். ஐஸ் உருகுவது ஒரு குறை. உருகிய தண்ணீர் தன் வழியால் போகாமல் நிலத்துக்கு வருவது வேறொரு குறை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

அவருடைய முதல் கேள்வி என்னைத் திகைக்க வைத்தது. "குளிர் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு நடுவில சிவப்புப் பொத்தான் இருக்கோ? அதைச் சின்னப் பிள்ளையள் ஆராவது அமத்தினவையோ?" ஒற்றைக் கதவு பிரிட்ஜுகள் பலவற்றில் அந்தப் பொத்தான் உண்டு. ஐஸ் அறையில் உறைபனி தடித்துப்போனால் அதைக் கரைப்பதற்கு அமத்துவது. அமத்தியதும் கொம்பிரசர் நின்றுவிடும். உறைபனி எல்லாம் உருகிய பின்னர்தான் மறுபடி தானாக ஓடத் தொடங்கும். விளையாட்டாக ஒரு பிள்ளை அமத்திவிட்டால் காலையில் வீடு முழுக்கத் தண்ணீர். இப்படி ஒரு "பழுதுக்கு" ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்த வீடு ஒன்றை எனக்குத் தெரியும். அக்காவின் வீட்டில் அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை.

பிறகு பிளக்கைக் கழற்றச் சொன்னார். ஈர நிலத்தில் வெறுங்காலோடு நின்று பிரிட்ஜைத் தொடவேண்டாம், ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று முதலில் அமத்திப் பார் என்றார். அதன் பின்னர்தான் மற்றதெல்லாம். பொருட்களை வெளியே எடுத்து, கதவைத் திறந்துவிட்டு, உறைபனி தானாகக் கரையும்வரை பொறுத்திருந்தோம். விரல் தடிப்புக்குப் படிந்திருந்தது. உறைபனி கூடினால் குளிரும் கூடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது போர்வைபோல மூடிக்கொண்டு குளிரை வெளியே விடாமல் தடுக்கின்றது.

உறைபனி கரைந்ததும் ஐஸ் அறைக்குக் கீழே உள்ள தட்டின் பின்புறத்தில் ஒரு சிறிய துவாரம் தெரிந்தது. உருகும் தண்ணீர் அந்தத் துவாரத்தால் இறங்கி, ஒரு குழாய் வழியே பின்னால் கொம்பிரசருக்கு மேலே உள்ள பிளாஸ்ரிக் தட்டில் விழவேண்டும். கொம்பிரசரின் சூட்டில் அது ஆவியாகிவிடும். அக்காவின் பிரிட்ஜில் அந்தத் துவாரம் அடைபட்டிருந்தது. ஐஸ்பக்கற்றின் வெட்டிய மூலைத் துண்டு ஒன்று, அதைச் சுற்றிச் சீனிப்பாகு பிடித்த வழுவழுப்பு. பாமசியில் வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சால் இளஞ்சூட்டு நீரை மெதுவாக அடித்தோம். மூன்றாந்தரம் அடிக்கும்போது 'களுக்' என்று இறங்கியது. கம்பி விடக்கூடாது, குழாய் கிழிந்துவிடும் என்று ஐயா முன்னரே எச்சரித்திருந்தார். நிலத்துக்கு வந்த தண்ணீரின் கதை இவ்வளவுதான். செலவு ஒரு சிரிஞ்சின் விலை.

ஐஸ் ஏன் உருகியது என்பதற்குத்தான் அதிக நேரம் எடுத்தது.

கதவைச் சுற்றியுள்ள றப்பரைப் பார்க்கும்படி ஐயா சொன்னார். ஒரு காசுத்தாளைக் கதவு இடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுத்துப் பார்க்கவேண்டும். இறுக்கமாக வந்தால் றப்பர் நல்லது. சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தால் வெளிச்சூடு உள்ளே போகின்றது. நான்கு பக்கமும் பார்த்தோம். பிணைச்சல் பக்கத்துக் கீழ் மூலையில் தாள் தானாக விழுந்தது. இரவில் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை உள்ளே எரியவிட்டுக் கதவை மூடிப் பார்த்தபோது, அதே இடத்தில் வெளிச்சக் கீற்று ஒன்று தெரிந்தது என்று அக்கா பின்னர் சொன்னார். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒத்தி ஒத்தி றப்பரை இளக்கினால் சில வேளை நிமிர்ந்துவிடும். இது நிமிரவில்லை, வெடித்திருந்தது. மாற்றவேண்டியிருந்தது.

அதோடு பெட்டி முன்பக்கம் சரிந்து நின்றது. சீமெந்து நிலம் பள்ளம். முன்கால்கள் இரண்டும் சற்று உயர்ந்திருந்தால்தான் கதவு தானாக மூடும், தண்ணீரும் பின்பக்கத் துவாரத்தை நோக்கி ஓடும். சுவரோடு ஒட்டி நின்றது. ஒரு கைப்பிடி தூரமாவது இடைவெளி வேண்டும். மறுபக்கத்தில் அடுப்பு. உள்ளே இருந்து எடுத்த சூட்டை வெளியே விடுவதுதான் அந்தப் பெட்டியின் வேலை. அடுப்புச் சூட்டுக்கும் சுவருக்கும் நடுவில் நெருக்கிவிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும்?

எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கா வேலை செய்த முறையில் ஒரு பிசகு இருந்தது. பாடசாலை விளையாட்டுப் போட்டிக் காலம். ஒரு நாளைக்கு அறுபது பக்கற் கேட்டிருக்கிறார்கள். பின்னேரம் தண்ணீர் கொதிக்கவைத்து, சீனியும் நிறமும் கலந்து, சூடு ஆறமுன்னரே கட்டி அறுபதையும் ஒரே தரத்தில் அடுக்கியிருக்கிறார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை குளிராக்க ஒரு கிலோ கலோரி வெப்பத்தை எடுக்கவேண்டும். 30 பாகையில் உள்ள தண்ணீர் பூச்சியத்துக்கு வர 30. ஆனால் பூச்சியப் பாகைத் தண்ணீர் ஐஸாக மாறுவதற்கு மட்டும் இன்னொரு 80 எடுக்கவேண்டும். கொதித்த தண்ணீரை அப்படியே வைத்தால் 100 உம் 80 உமாக 180. முற்றத்துக் காற்றில் ஆறவிட்டு வைத்தால் 110. ஒரு சதமும் செலவில்லாமல் காற்று செய்யக்கூடிய வேலையை மின்சாரத்துக்குக் கொடுத்துவிட்டோம். அறுபது பக்கற், ஒவ்வொன்றும் நூறு மில்லிலீற்றர் என்றால் ஆறு லீற்றர். சின்ன ஒற்றைக் கதவு பிரிட்ஜ் ஒன்று ஓர் இரவில் உறையவைக்கக்கூடிய அளவை விட அது அதிகம். புதியவை உறையவும் இல்லை, ஏற்கெனவே உறைந்திருந்தவையும் இளகின.

கடைசிப் பரிசோதனை இதுதான். எல்லாவற்றையும் துடைத்து, பெட்டியை நகர்த்தி, முன்கால்களை உயர்த்தி, றப்பர் வெடித்த இடத்தைத் தற்காலிகமாக ஒட்டி மூடி, ஐஸ் அறைக்குள் ஒரேயொரு கோப்பைத் தண்ணீர் மட்டும் வைத்து இரவு முழுக்க ஓடவிட்டோம். காலையில் கோப்பை கல்லாகியிருந்தால் காஸ் பெரும்பாலும் இருக்கின்றது. கொம்பிரசர் ஒரு நிமிடமும் ஓயாமல் ஓடியும் கோப்பை உறையாமல், ஐஸ் அறையின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்திருந்தால் காஸில் சந்தேகப்படலாம். அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார். கோப்பையைக் கவிழ்த்தும் விழவில்லையாம்.

28,000 ரூபா கேட்டவரைக் கள்ளன் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கே சரியாகத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் வன்னியில் போர்க்காலம் முழுவதும் மின்சாரம் இல்லாமல் வாழ்ந்து, மீள்குடியேறிய பின்னரே முதன்முதலாக பிரிட்ஜைக் கண்ட வீடுகள் ஏராளம். நமக்கு இந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. அக்காவின் பிரிட்ஜோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அது பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே கிடந்தது.

காஸ் உண்மையிலேயே போன வீடு ஒன்றையும் சொல்லவேண்டும். வவுனியாவின் இன்னொரு கிராமத்தில் ஒரு தங்கச்சி, ஐஸ் அறையில் ஒட்டிக்கொண்ட பக்கற்றுகளைப் பிரிப்பதற்குக் கறிக்கத்தியால் நெம்பியிருக்கிறாள். 'உஸ்' என்று ஒரு சத்தம். அந்தத் தகட்டுக்குள்தான் குழாய் ஓடுகின்றது. அன்றோடு அந்த பிரிட்ஜ் சரி. தகட்டை மாற்றுவதற்குக் கேட்ட காசுக்குப் பழைய பிரிட்ஜ் ஒன்றே வாங்கியிருக்கலாம். கத்தி, கரண்டிக்காம்பு, ஸ்குறூடிறைவர் எதையும் ஐஸ் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அவசரம் என்றால் ஒரு சட்டியில் சுடுதண்ணீர் வைத்துக் கதவைச் சாத்திவையுங்கள். புதிய பிரிட்ஜுகள் பலவற்றில் ஆர் 600ஏ என்ற காஸ் இருக்கின்றது. பின்னால் உள்ள சிட்டையில் எழுதியிருக்கும். அது தீப்பற்றக்கூடியது. சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடவேண்டும். அந்த நேரத்தில் சுவிச்சையோ பிளக்கையோ தொடவேண்டாம்.

கனடாவில், ஸ்காபறோவில் இருக்கும் என் சித்தியின் மகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, தன் வீட்டிலும் இதே பாடுதான் என்றாள். அங்குள்ள இரண்டு கதவுப் பெரிய பிரிட்ஜில் தானாக ஐஸ் செய்கின்ற ஒரு கருவி இருக்கின்றது. குழாய்த் தண்ணீர் நேரே அதற்குள் போய், அச்சில் உறைந்து, கட்டி கட்டியாகப் பெட்டிக்குள் விழும். அவளுடையதில் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகி, அடியால் தண்ணீர் ஒழுகியதாம். கட்டிகள் ஒட்டியிருந்தால் ஒரு தடவை உருகி மறுபடி உறைந்திருக்கின்றன என்று பொருள். அங்கேயும் முதலில் பார்க்கவேண்டியது கதவு றப்பரும் உள்ளே உள்ள குளிரும்தான். உறைய வைக்கும் அறை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை இருக்கவேண்டும். அது சரியென்றால், ஐஸ் கருவியை நிறுத்திவிட்டுத் தண்ணீர் இன்னும் சொட்டுகிறதா என்று பார்க்கலாம். சொட்டினால் பின்னால் தண்ணீரை விட்டு மூடும் வால்வு இறுக்கமாக மூடவில்லை. அச்சு நிரம்பி வழிகின்றது. குழாயைப் பூட்டிவிட்டு வால்வை மாற்றவேண்டியதுதான். நமக்கு இங்கே அந்தக் கருவி இல்லாதது ஒரு விதத்தில் நிம்மதி. பழுதாகக்கூடியது ஒன்று குறைவு.

மின்வெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 2022 பங்குனி முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. அந்த நாட்களில் உருகிய பக்கற்றுகளைக் கொட்ட மனம் வராமல் மறுபடி உறையவைத்து விற்றதாக அக்கா என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். சீனியின் விலை அப்போது அப்படி. நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உறையவைப்பதால் கிருமி சாவதில்லை, அது தூங்குகின்றது. உருகிச் சூடாகிக் கிடந்த நேரத்தில் பெருகியது, உறைந்து மறுபடி உருகும்போது பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். நெருப்புக்காய்ச்சலும் ஒருவகைச் செங்கமாரியும் ஐஸ் மூலமும் பரவக்கூடியவை. அதனால்தான் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டே கட்டவேண்டும் என்கிறார்கள்.

கரண்ட் நின்றால் கதவைத் திறக்காதீர்கள். திறக்காமல் விட்டால் சாதாரண அறை நான்கு மணித்தியாலம் வரை குளிரைப் பிடித்து வைத்திருக்கும். இரவில் நாம் தூங்கும்போது நின்று வந்ததா என்று அறிய ஒரு சின்ன உபாயம் உண்டு. ஒரு கோப்பைத் தண்ணீரை உறையவைத்து அதற்கு மேலே ஒரு நாணயக் குற்றியை வைத்துவிடுங்கள். குற்றி மேலேயே இருந்தால் உருகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கின்றது. கரண்ட் வந்தவுடன் கொம்பிரசர் உறுமித் 'டிக்' என்று நின்றுவிடுவதுண்டு. பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் பொறுத்துப் போடவேண்டும். சில நிமிடத்துக்கொரு தடவை 'டிக்', 'டிக்' என்றுகொண்டே இருந்தால் வோல்ற்றேஜ் குறைவாக இருக்கலாம், அல்லது கொம்பிரசரைத் தொடக்கிவிடும் சிறிய பாகம் போயிருக்கலாம். இதுவும் காஸ் அல்ல.

பக்கத்து வீட்டு ஐயாவின் இன்சுலின் ஐஸ் அறைக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. அதிகக் குளிர் மருந்துக்கு நல்லது என்று நினைத்திருக்கிறார்கள். இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டும். ஒருதரம் உறைந்துவிட்டால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் பாவிக்கக்கூடாது. நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள் வைக்கும்படி சொன்னேன். நீண்ட நேரம் கரண்ட் நின்றால், தண்ணீர் படாமல் டப்பாவை மூடி, ஈரமணலுக்குள் வைத்த மண்முட்டிக்குள் நிழலில் வைக்கலாம். கிளினிக் தாதியிடமும் கேட்டுக்கொள்ளச் சொன்னேன்.

றப்பர் மாற்றுவதற்கு ஆள் கூப்பிடவேண்டியிருந்தது. இங்கே வெளியில் பேசாத ஒரு விடயம் இருக்கின்றது. ஆண் துணையில்லாத வீட்டுக்குள் ஒரு திருத்துபவர் வந்து ஒரு மணித்தியாலம் நின்றால் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில், கேட்ட காசைக் கொடுத்து அனுப்பிவிடுகின்ற பெண்கள் இருக்கிறார்கள். அக்காவும் அப்படித்தான், கேள்வி கேட்டால் நேரம் போகும் என்று நினைத்தார். இந்தமுறை பக்கத்து வீட்டு அம்மாவை வந்து இருக்கச் சொன்னோம். வேலை தொடங்க முன்னர் விலையைக் கேட்டார். கழற்றிய பழைய றப்பரைத் தன்னிடமே தரச் சொன்னார். துண்டுச் சீட்டில் திகதியும் தொகையும் எழுதி வாங்கினார். 28,000 ரூபாவில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சித்திரைக் கடைசியில் மறுபடி போனேன். நிலம் காய்ந்திருந்தது. பிரிட்ஜ் அடுப்பை விட்டு மறுமூலைக்குப் போயிருந்தது. இப்போது காலையில் பதினைந்து, இரவில் பதினைந்து என்று ஆறவிட்டுக் கட்டுகிறாராம். நாணயக் குற்றி கோப்பைக்கு மேலே இருந்தது; சின்னவன் அதை இரண்டு தரம் எடுத்துவிட்டதால் இப்போது இருபது ரூபாக் குற்றிக்குப் பதிலாக ஒரு ரூபாக் குற்றி.

"பிள்ளை, பின்னால இருக்கிற அந்தத் தட்டைப் பாக்கச் சொல்லி நீங்கள் சொல்லேல்லையே" என்றார் அக்கா. கொம்பிரசருக்கு மேலே உள்ள தட்டை இழுத்துக் காட்டினார். துவாரத்தை எடுத்துவிட்ட பின்னர் தண்ணீர் ஒழுங்காக அங்கே விழுந்திருக்கின்றது, ஆனால் முழுவதும் ஆவியாகவில்லை. அடியில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. டெங்கு நுளம்பு முட்டையிடும் இடங்களில் அந்தத் தட்டும் ஒன்று என்று சுகாதாரப் பகுதியினர் சொல்வது எனக்கு மறந்தே போயிருந்தது. முற்றத்தில் மணலில் ஊற்றி, தட்டின் ஓரங்களைத் தும்பால் உரஞ்சிக் கழுவினோம். ஒவ்வொரு வெள்ளியும் வீடு கழுவும்போது இதையும் கழுவுவதாக அக்கா சொன்னார்.